சண்டை விளையாட்டுக்கு ஆர்கேட் ஸ்டிக் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்கேட் ஸ்டிக் என்பது, பழைய ஆர்கேட் இயந்திரங்களில் இருந்ததுபோல, திசை கொடுக்க ஒரு லீவரும் அடிக்கப் பட்டன்களும் கொண்ட விளையாட்டுக் கருவி. அது ஒரே பொருள் அல்ல. பெட்டி, உள்ளே இருக்கும் மின்னணு போர்டு, லீவர், பட்டன்கள் என்று நான்கு பொருள்கள் சேர்ந்தது. இதில் லீவரையும் பட்டன்களையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு அரைமணி நேரத்தில் மாற்றிவிடலாம். பெட்டியை மாற்ற முடியாது. போர்டை மாற்றலாம், ஆனால் அது எல்லோராலும் ஆகிற வேலை இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் லீவரின் பெயரைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் கீழே உள்ள பதில்களின் சாரம்.

ஸ்டிக் இருந்தால்தான் நன்றாக ஆட முடியுமா?

இல்லை. 2014 ஈவோ போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற பிரான்ஸ் வீரர் லஃபி, முதல் பிளேஸ்டேஷனின் பழைய பேடை, அதாவது இரு கையிலும் பிடித்து ஆடும் வழக்கமான கருவியை, வைத்துத்தான் ஆடினார். ஸ்டிக் வாங்கினால் ஆட்டம் தானாக உயராது. முதல் சில வாரங்கள் கீழேதான் போகும்.

ஸ்டிக் தருவது வேறு வகை வசதி. பேடில் நான்கு முகப்பு பட்டன்களையும் ஒரே கட்டைவிரல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டிக்கில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு விரல் காத்திருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் லேசான குத்தும் லேசான உதையும் சேர்த்து அழுத்தினால் பிடித்து எறிதல் வரும். ஸ்டிக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதை ஒரே அசைவில் செய்துவிடும். திசை கொடுக்கும் வேலையும் கட்டைவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் மாறுகிறது. பேடில் நீண்ட நேரம் ஆடிக் கட்டைவிரல் வலிக்கிறவர்களுக்கு இதுவே வாங்கப் போதுமான காரணம். பேட் கையில் நன்றாக உட்கார்ந்திருந்தால், மாறியே ஆக வேண்டும் என்று எவரும் சொல்லக் கேட்காதீர்கள்.

அப்படியானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எந்த இயந்திரத்தில் ஆடப்போகிறீர்கள் என்பதை. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். யூஎஸ்பி முனை பொருந்துகிறது என்பதால் ஸ்டிக் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல் தன் அனுமதி பெற்ற கருவிதானா என்று போர்டிடம் கேட்கும். சரியான பதில் வராவிட்டால் ஏற்றுக்கொள்ளாது.

கணினியில் சிக்கல் குறைவு. விண்டோஸின் எக்ஸ்-இன்புட் முறையில் பேசும் ஸ்டிக் எதுவும் சொருகியவுடன் ஓடும். அதற்கு முந்தைய டைரக்ட்-இன்புட் முறை ஸ்டிக்கை ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைச் செயலி வழியாக அமைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு உரிமம் பெற்று வந்த ஸ்டிக்குகள் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இயந்திரங்களிலும் அப்படியே ஓடும். உரிமம் இல்லாத கருவிகளை மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரிலிருந்து தடுக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு எழுதப்பட்ட ‘எனக்கு ஓடுகிறது’ என்ற கருத்துகளை நம்பி எக்ஸ்பாக்ஸுக்கு வாங்க வேண்டாம்.

நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் தனி உலகம். பிளேஸ்டேஷன் ஸ்டிக்கையோ எக்ஸ்பாக்ஸ் ஸ்டிக்கையோ நேராகச் சொருகினால் ஓடாது. பெட்டியில் ஸ்விட்சுக்கான நிலை இருக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு மாற்றி வேண்டும்.

பிளேஸ்டேஷன் 4 ஸ்டிக்கை பிளேஸ்டேஷன் 5-இல் பயன்படுத்தலாமா?

பாதி ஆம். பிளேஸ்டேஷன் 5-இல் ஓடும் பிளேஸ்டேஷன் 4 பதிப்பு விளையாட்டுகளுக்கு அது செல்லும். பிளேஸ்டேஷன் 5-க்கென்றே வந்த பதிப்புகளுக்குப் பொது விதியாகச் செல்லாது. ஆனால் சண்டை விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் சிலர் பழைய ஸ்டிக்குகளைத் தங்கள் விளையாட்டுக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8, கில்டி கியர் ஸ்ட்ரைவ் மூன்றும் அப்படித்தான். இவற்றில் ஆட்டத்துக்குள் ஸ்டிக் ஓடும். மற்ற வேலைகளுக்கு ஒரு பேடைப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது.

நீங்கள் ஆடுவது இந்த மூன்றில் ஒன்று மட்டும் என்றால், நல்ல பழைய பிளேஸ்டேஷன் 4 ஸ்டிக்கைக் குறைந்த விலைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். நாளைக்கு வரும் எல்லா விளையாட்டுக்கும் வேண்டும் என்றால் பிளேஸ்டேஷன் 5 உரிமம் பெற்றதைத்தான் வாங்க வேண்டும். ஹோரி ஃபைட்டிங் ஸ்டிக் ஆல்ஃபா, விக்ட்ரிக்ஸ் ப்ரோ எஃப்எஸ், கான்பா ஆப்ஸிடியன் 2, நேகான் டைஜா ஆகியவை அந்த வரிசையில் வருபவை.

ஆட்டத்தின் நடுவே எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டிக் துண்டிக்கப்படுகிறது. பழுதா?

பழுது இல்லை. உரிமச் சான்று இல்லாத போர்டைப் பிளேஸ்டேஷன் 4 அத்தனை நேரம்தான் பொறுத்துக்கொள்ளும். கழற்றிச் சொருகினால் மறுபடி எட்டு நிமிடம். ராஸ்பெர்ரி பை பைக்கோ போன்ற சிறு போர்டில் ஜிபி2040-சிஇ என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றிச் செய்த ஸ்டிக்குகளில் இது அடிக்கடி வரும். உரிமம் பெற்ற ஒரு கருவியை அதோடு இணைத்துச் சான்றுக்கு அதைப் பதில் சொல்ல வைப்பதுதான் வழி.

பெட்டியில் எதைக் கவனிப்பது?

எடை, அகலம், அடிப்பகுதி, திறக்கும் விதம்.

இரண்டு கிலோவுக்குக் கீழே உள்ள பெட்டி, வேகமாக லீவரை அசைக்கும்போது மடியிலும் மேசையிலும் நகரும். இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரை உள்ளது வசதியாக உட்காரும். நான்கைத் தாண்டினால் போட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகத் தோள் வலிக்கும்.

அகலம் உங்கள் தோளைப் பொறுத்தது. லீவருக்கும் முதல் பட்டன் வரிசைக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் இரண்டு மணிக்கட்டும் உள்பக்கமாக மடங்கும். முதல் நாள் தெரியாது, ஒரு மாதத்தில் தெரியும். மணிக்கட்டின் கீழ்ப்பகுதி பெட்டியின் மேல் முழுமையாகத் தங்க முன்பக்கம் போதிய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்விளிம்பு கூர்மையாக இருந்தால் அது முன்கையை அறுத்துக்கொண்டே இருக்கும். எதைப் பொறுத்தாலும் இதைப் பொறுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் இதைப் பின்னால் சரிசெய்ய வழியில்லை.

மடியில் வைத்து ஆடுகிறவர்களுக்கு அடிப்பகுதி முழுவதும் ரப்பர் விரிப்பு இருப்பது நல்லது. நான்கு மூலையில் மட்டும் சிறு கால்கள் இருந்தால் தொடையில் குத்தும். மேசைக்காரர்களுக்கு அந்தக் கால்களே போதும்.

கடைசியாக, திறக்கும் விதம். சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்தட்டு கதவு போல் திறக்கும். சிலவற்றில் அடித்தட்டில் ஆறு, எட்டு திருகாணிகள். எதுவானாலும் சரி. ஒட்டி மூடப்பட்டது, லீவரும் பட்டன்களும் போர்டில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டது ஆகிய இரண்டை மட்டும் தவிருங்கள். விவரப் பட்டியலில் ‘30 மில்லிமீட்டர் பட்டன்’, ‘5 முள் லீவர் இணைப்பு’ என்ற இரண்டும் இருந்தால் பாகங்களை மாற்ற முடியும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜப்பானிய லீவர், கொரிய லீவர், அமெரிக்க லீவர் என்கிறார்களே, என்ன வேறுபாடு?

எந்த லீவரையும் மூன்று அளவுகளால் புரிந்துகொள்ளலாம். நடுவிலிருந்து தள்ளும்போது ஸ்விட்ச் ‘கிளிக்’ ஆகும்வரை உள்ள தூரம் ஒன்று. அதற்கு மேல் சுவரில் முட்டும்வரை ஓடும் தூரம் இரண்டு. விட்டவுடன் நடுவுக்குத் திரும்பும் வேகம் மூன்று. மற்றதெல்லாம் பழக்கம்.

ஜப்பானிய வகையில் மேலே 35 மில்லிமீட்டர் உருண்டை, கீழே ஸ்பிரிங், நான்கு பக்கமும் மைக்ரோஸ்விட்ச், அதற்கும் கீழே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கேட் என்ற தட்டு இருக்கும். இதில் அடிப்படை என்று கொள்ளப்படுவது சான்வா ஜேஎல்எஃப். லேசாக அசையும், சத்தம் அதிகமில்லை, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். கிளிக் ஆகும்வரை சற்று நீண்ட தூரம் போக வேண்டியிருப்பதும், தொழிற்சாலை ஸ்பிரிங் மென்மையாக இருப்பதும் இதன் குறைகள். செய்மிட்சு எல்எஸ்-32 இதைவிட இறுக்கமானது, சீக்கிரம் கிளிக் ஆகும். சிறு அசைவுகளில் ஆடுகிறவர்களுக்கு அது பிடிக்கும்.

கொரிய வகையில் ஸ்பிரிங்குக்குப் பதில் தடித்த ரப்பர் வளையம். மேலே உருண்டைக்குப் பதில் நீண்ட பேரிக்காய் வடிவப் பிடி. சதுரச் சுவர் இல்லை. எந்தத் திசையில் தள்ளினாலும் ரப்பர் எதிர்த்து நிற்கும், விட்டவுடன் சட்டென்று நடுவில் நிற்கும். டெக்கனில் இந்த நடுநிலைதான் உயிர். மிஷிமா குடும்பத்துப் பாத்திரங்களின் விண்ட் காட் ஃபிஸ்ட் அசைவில் முன், நடு, கீழ், கீழ்-முன் என்று லீவர் உண்மையாகவே நடுவுக்கு வந்து போக வேண்டும். கொரியன் பேக்டேஷ் எனும் பின்வாங்கலிலும் அதே கதை. டெக்கன் மட்டுமே ஆடப்போகிறவர் கொரிய லீவரை யோசிக்கலாம். ஆனால் அதன் அடிப்பகுதி நீளம் அதிகம். மெலிந்த பெட்டியில் அடித்தட்டில் இடிக்கும். வாங்குமுன் பெட்டியின் உள் ஆழத்தை அளந்து பாருங்கள்.

அமெரிக்க வகை மட்டை போன்ற பிடியும், கனமான ஸ்பிரிங்கும், பெரிய ஓட்டமும் கொண்டது. பழைய ஆர்கேட் இயந்திரங்களில் வளர்ந்தவர்களுக்கே இது உகந்தது. புதியவர்களுக்குச் சொல்லமாட்டோம்.

சதுர கேட், எண்கோண கேட் எதை எடுப்பது?

சதுரத்தோடு தொடங்குங்கள். கேட் என்பது வெறும் வேலி. வேலியை மாற்றினால் ஸ்விட்ச் கிளிக் ஆகும் இடம் மாறாது. முட்டி நிற்கும் இடம்தான் மாறும்.

சதுரத்தின் நான்கு மூலைகளும் மூலைவிட்டத் திசைகள். கீழ்-பின் மூலையில் லீவரைச் சாய்த்து வைத்துவிட்டால் பார்க்காமலே அது அங்கேதான் இருக்கிறது என்று தெரியும். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கைல் போல, ஒரு திசையை அழுத்திப் பிடித்துக் காத்திருக்கும் பாத்திரங்களுக்கு இது பெரிய நிம்மதி. இதன் விலை என்னவென்றால், நேர்த்திசையைவிட மூலைக்கு லீவர் ஏறத்தாழ 1.4 மடங்கு தூரம் போகும். சுவரை உரசிக்கொண்டே ஒவ்வொரு மூலையாகத் தேடுகிறவர்களுக்கு அசைவுகள் மெதுவாகும். கிளிக் கேட்டவுடன் அடுத்த திசைக்குப் போகப் பழகினால் சுவர் அங்கே இருப்பதே மறந்துபோகும்.

எண்கோணத்தில் எட்டுத் திசைக்கும் சிறு பள்ளம் இருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஜாங்கீஃப் என்ற பாத்திரத்துக்கு லீவரை ஒரு வட்டமாகச் சுற்றும் முழுச்சுற்று அசைவு இதில் உருண்டையாகப் போகும். ஆனால் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும்போது எந்தத் திசை பதிவாகும் என்பது மங்கலாகிவிடும். ஒரு மாதம் சதுரத்தில் ஆடிப் பிடிக்காவிட்டால் மாறலாம். ஜேஎல்எஃபில் அது கொக்கிகளை நெம்பிக் கழற்றிப் போடும் சின்ன பிளாஸ்டிக் துண்டுதான்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜேஎல்எஃபின் சதுர கேட்டை 45 பாகை திருப்பினால் நான்கு திசை மட்டும் தரும் நிலைக்குப் போய்விடும். பழைய ஸ்டிக் வாங்கி மூலைவிட்டங்கள் எதுவுமே வரவில்லை என்றால், பழுது என்று முடிவு செய்யுமுன் இதைப் பாருங்கள்.

பட்டன்களில் சான்வாவா, செய்மிட்சுவா?

சான்வா ஓபிஎஸ்எஃப்-30 விரல் வைத்தாலே அமுங்கும் அளவு லேசானது. செய்மிட்சு பிஎஸ்-14 சற்று எதிர்த்து நிற்கும். ஆடாத நேரத்தில் விரல்களைப் பட்டன்மேல் ஓய்வாக வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு சான்வாவில் வேண்டாத குத்தும் உதையும் வந்துகொண்டே இருக்கும். அவர்களுக்கு செய்மிட்சு சரி. வேகமாகத் தட்டுகிறவர்களுக்கு சான்வா.

பிராண்டைவிட முக்கியமானது அளவு. ஆட்டப் பட்டன்கள் 30 மில்லிமீட்டர். ஸ்டார்ட் போன்றவை பெரும்பாலும் 24. இவை துளையின் விட்டம். சொருகும் வகை, திருகும் வகை என்றும் இரண்டு உண்டு. சொருகும் வகையின் பக்கவாட்டுக் கொக்கிகள் மெல்லிய உலோகத் தட்டையும் பிளாஸ்டிக்கையும்தான் பிடிக்கும். மரத்தால் செய்த தடித்த மேல்தட்டில் அவை பிடிக்காமல் மேலே எழும்பும். அங்கே அடியில் மரை போட்டு இறுக்கும் ஓபிஎஸ்என்-30 வேண்டும்.

இரவில் மற்றவர்கள் தூங்கும்போது ஆடுகிறீர்களா? ஓபிஎஸ்எஃப்எஸ்-30 என்ற அமைதி வகையில் உள்ளே மெத்தை இருக்கும். தட்டும் ஓசை வெகுவாகக் குறையும், அழுத்தும் உணர்வு கொஞ்சம் மெத்தென்று ஆகும்.

எட்டு பட்டன்களும் தேவையா?

டெக்கனுக்கு நான்கு போதும். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு: மேல் வரிசையில் குத்துகள், கீழ் வரிசையில் உதைகள், இடமிருந்து வலமாக லேசு, நடு, பலம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மீதி இரண்டில் டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த தாக்குதலையும் பேரி என்ற தடுப்பையும் வைத்தால், எதிராளியின் இம்பாக்டுக்கு ஒரே விரலால் பதில் சொல்லலாம். எட்டு இருக்கும் பெட்டியை எடுங்கள். தேவையில்லாதவற்றை அமைப்பில் அணைத்துவிடலாம்.

லீவரே இல்லாத ஸ்டிக் எப்படி?

ஹிட்பாக்ஸ் பிரபலமாக்கிய வகை இது. இடக்கையின் மூன்று விரல்களுக்கு இடம், கீழ், வலம் என்று 24 மில்லிமீட்டர் பட்டன்கள். கட்டைவிரலுக்கு அடியில் பெரிய 30 மில்லிமீட்டர் பட்டன், அதுதான் மேலே. குதிப்பது கட்டைவிரலில் என்பது முதலில் விசித்திரமாக இருக்கும். விசைப்பலகையில் ஆடிப் பழகியவர்களுக்கு இரண்டே நாளில் சரியாகிவிடும்.

நன்மை துல்லியம். கீழ், கீழ்-முன், முன் என்ற அசைவு இங்கே கீழை அழுத்து, முன்னை அழுத்து, கீழை விடு என்று மூன்று தெளிவான செயல்களாகிறது. நடுநிலை என்பது விரலை எடுப்பதுதான், ஸ்பிரிங்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மணிக்கட்டுக்கு வேலை குறைவு. மெல்லிய வகைகள் பையில் புத்தகம் போல் உட்காரும். முழுச்சுற்று அசைவுகள்தான் இதில் கற்றுக்கொள்ளக் கடினம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. லீவரை ஒரே நேரத்தில் இடமும் வலமும் சாய்க்க முடியாது, பட்டன்களில் முடியும். அப்போது என்ன பதிவாக வேண்டும் என்பதைப் போர்டு தீர்மானிக்கிறது. இடமும் வலமும் சேர்ந்தால் நடுநிலை என்பது பாதுகாப்பான அமைப்பு. கடைசியாக அழுத்தியதே வெல்லும் என்ற அமைப்பைப் பல போட்டிகள் ஏற்பதில்லை. மேல், கீழ் இரண்டு பட்டன்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில் போட்டிக்குப் போட்டி விதி மாறும். ஆகவே இந்த அமைப்பை மாற்றிக்கொள்ள இடம் தரும் போர்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கையில் பணம் குறைவு. எதைத் தியாகம் செய்வது?

பாகங்களை. போர்டையும் பெட்டியையும் அல்ல. மேஃப்ளாஷ் எஃப்300 போன்ற பெட்டிகளில் வரும் லீவரும் பட்டன்களும் சுமார்தான். ஆனால் துளைகள் பொதுவான அளவில் இருப்பதால் இப்போது அப்படியே ஆடலாம். பிறகு ஆறு பட்டன்கள், அதற்குப் பிறகு லீவர் என்று படிப்படியாக மேம்படுத்தலாம். முதலில் பட்டன்களை மாற்றுங்கள். மட்டமான லீவரோடு கை பழகிவிடும், அழுத்தியும் பதிவாகாத பட்டனோடு பழகவே முடியாது.

பழையது வாங்குவதும் நல்ல வழி. நேரில் பார்க்க முடிந்தால் கணினியில் சொருகி ஒவ்வொரு பட்டனையும் இருபது முறை தட்டுங்கள். ஒருமுறை தட்டி இரண்டு பதிவானால் உள்ளிருக்கும் தொடுமுனை தேய்ந்திருக்கிறது. அது பட்டனை மாற்றினால் தீரும், அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். இணைப்பு விட்டு விட்டு வந்தால் விட்டுவிடுங்கள். அடித்தட்டுத் திருகாணிகளில் தலை தேய்ந்திருந்தால் யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் உள்ளே பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

தாமதம் பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

சண்டை விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படங்கள், ஓடுகின்றன, ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. யூஎஸ்பி வழியாக நொடிக்கு 1000 முறை கேட்கப்படும் போர்டில் காத்திருப்பு அதிகபட்சம் 1 மில்லிநொடி. 125 முறை என்றால் 8. இரண்டுமே ஒரு ஃப்ரேமுக்குள்தான் என்றாலும், எட்டு மில்லிநொடி சில அழுத்தங்களை அடுத்த ஃப்ரேமுக்குத் தள்ளிவிடும். பெயர் பெற்ற போர்டுகள் எல்லாமே இதில் நன்றாக இருக்கின்றன. தொலைக்காட்சியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு அணைந்திருந்தால் அது தின்னும் நேரம் இவை எல்லாவற்றையும்விட அதிகம். போர்டைக் குறை சொல்லுமுன் அதைப் பாருங்கள்.

கம்பியில்லா ஸ்டிக் வீட்டுக்குப் பரவாயில்லை. போட்டிக்குக் கம்பி வேண்டும். மூன்று மீட்டர் கேபிள் வசதியான நீளம்.

ஜேஎல்எஃப் ஸ்பிரிங்கை நானே மாற்றலாமா?

மாற்றலாம். லீவர் தொளதொளவென்று இருக்கிறது, விட்டவுடன் நடுவைத் தாண்டி எதிர்த்திசை பதிவாகிறது என்றால் 2 பவுண்டு ஸ்பிரிங் போட்டுப் பாருங்கள். 4 பவுண்டு பலருக்கு மிகக் கடினம், கை சீக்கிரம் களைக்கும்.

பெட்டியைத் திறந்து 5 முள் இணைப்பைக் கழற்றுங்கள். தண்டின் அடிமுனையில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அதில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தண்டு சுழலாமல் பிடித்துக்கொண்டு, மேலே உருண்டையை இடஞ்சுழியாகத் திருப்பினால் கழன்றுவரும். பிறகு லீவரைத் தட்டோடு பிடித்திருக்கும் திருகாணிகளை எடுத்து லீவரை வெளியே எடுங்கள். கேட்டின் கொக்கிகளை நெம்பிக் கழற்றி, ஸ்விட்ச் போர்டைத் தூக்கி எடுங்கள்.

இப்போது தண்டின் நுனியில் ஒரு சிறு உலோக வளையம் தெரியும், ஆங்கில ஈ எழுத்தைப் போல ஒரு பக்கம் திறந்தது. அதற்கு அடியில் உள்ள உருளை வடிவ ஆக்சுவேட்டரை ஒரு விரலால் ஸ்பிரிங் பக்கமாக அழுத்தியபடி வளையத்தை வெளியே தள்ளுங்கள். அது பறக்கும். மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், தொலைந்தால் லீவர் வெறும் குச்சி. ஆக்சுவேட்டர், ஸ்பிரிங், லீவர் சாயும் மூட்டான பிவட் என்ற வரிசையில் வெளியே வரும். வரிசையைப் படம் எடுத்து வையுங்கள்.

பிவட்டின் வளைந்த பரப்பைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பட்டாணி அளவில் பாதி போதும். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எண்ணெய் வேண்டாம். இருக்கும் கிரீஸைக் கரைத்து ஓடவிட்டு, ஸ்விட்சுக்குள் போய்விடும். புது ஸ்பிரிங்கைப் போட்டு எதிர்வரிசையில் மூடுங்கள். மூடியபின் இடம் தள்ளினால் மேலே போகிறது என்றால் லீவரை 90 பாகை திருப்பிப் பொருத்தியிருக்கிறீர்கள். கழற்றிச் சரியான பக்கம் வையுங்கள்.

சில பட்டன்கள் திடீரென்று வேலை செய்யவில்லை. எங்கே தேடுவது?

ஒன்று மட்டும் செத்திருந்தால் அந்தப் பட்டனின் அடியில் உள்ள இரண்டு முனைகளைப் பாருங்கள். ஜப்பானியப் பட்டன்களின் முனை 2.8 மில்லிமீட்டர். அதில் செருகியிருக்கும் கவ்வி தளர்ந்திருந்தால் கழற்றி, குறடால் கொஞ்சம் நெருக்கி மறுபடி செருகுங்கள். எந்த வயர் எந்த முனையில் என்பது முக்கியமில்லை, இரண்டும் மாறியிருந்தாலும் வேலை செய்யும். பக்கத்துப் பட்டனோடு வயரை மாற்றிப் பாருங்கள். பழுது பட்டனோடு நின்றால் பட்டன், வயரோடு நகர்ந்தால் வயர் அல்லது போர்டு.

வரிசையாகப் பல பட்டன்கள் ஒன்றாகச் செத்திருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றே. கிரவுண்ட் வயர் பட்டனிலிருந்து பட்டனுக்குச் சங்கிலியாக ஓடுகிறது. நடுவில் ஒரு கவ்வி கழன்றால் அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் நின்றுவிடும். வேலை செய்யும் கடைசிப் பட்டனுக்கும் செய்யாத முதல் பட்டனுக்கும் நடுவே தேடுங்கள்.

லீவரில் ஒரு மூலைவிட்டம் மட்டும் வரவில்லை என்றால், அதன் இரண்டு நேர்த்திசைகளையும் தனித்தனியே மெதுவாகத் தள்ளிக் கேளுங்கள். எந்தப் பக்கம் கிளிக் தாமதமாக வருகிறதோ அந்த மைக்ரோஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது.

கருவியில் பழுதா, என் கையில் பிழையா என்று எப்படிப் பிரிப்பது?

பயிற்சி நிலையில் உள்ளீடு காட்டும் பட்டியலைத் திரையில் போடுங்கள். உதாரணமாக, கீழ், கீழ்-முன், முன் அசைவைப் போட்டால் எரிபந்துக்குப் பதில் மேல்நோக்கிய குத்து வருகிறது என்று பலர் லீவரைக் குறை சொல்வார்கள். பட்டியலில் அதற்கு முன்னால் ஒரு ‘முன்’ இருக்கிறதா பாருங்கள். முன்னால் நடந்துகொண்டே அந்த அசைவைத் தொடங்கினால் முன், கீழ், கீழ்-முன் என்று விளையாட்டு படித்துக்கொள்ளும். அது கையின் பிழை. அசைவுக்கு முன் லீவரை ஒரு கணம் நடுவில் விட்டால் போகும். நீங்கள் தொடாத திசை பட்டியலில் வந்தால், அல்லது கிளிக் கேட்டும் திசை வராவிட்டால், அப்போதுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

லீவரை எப்படிப் பிடிப்பது?

உருண்டையை மேலிருந்து உள்ளங்கையால் மூடிப் பிடிக்கலாம். அல்லது தண்டை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே விட்டு, உருண்டையைக் கீழிருந்து கிண்ணம் போல ஏந்தலாம். எது வலிக்கவில்லையோ அது. இறுக்கிப் பிடிப்பது மட்டும் எதிலும் ஆகாது. லீவரை நடுவுக்கு வர விடாமல் உங்கள் விரல்களே தடுத்துக்கொண்டிருக்கும், ஸ்பிரிங் எத்தனை பவுண்டாக இருந்தாலும் நடுநிலை பதிவாகாது.